நாய்களில் நீரிழிவு

நாய்களில் நீரிழிவு அல்லது சர்க்கரை நோய் என்பது, கணையம் போதிய இன்சுலினைச் சுரக்காததால் இரத்தத்தில் குளுக்கோசு மிகும் நோயாகும். பெரும்பாலும் நடுத்தர வயதைக் கடந்த நாய்களுக்கு வருகிறது. 1921 இல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் நாய்களில் நடத்திய ஆய்வுகளே இன்சுலின் மருத்துவத்திற்கு வழிவகுத்தன.

அறிகுறிகள்

மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், நன்றாக உண்டும் உடல் மெலிதல் ஆகியவை முதன்மை அறிகுறிகள். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கலாம். செங்கல்பட்டு, மாமல்லபுரம் பகுதிகளில் கோடைத் தாகம் என்று எண்ணி நோயைக் கவனிக்காமல் விட வாய்ப்புண்டு. கண்புரை ஏற்பட்டுப் பார்வை இழப்பதும் பரவலாகக் காணப்படுகிறது.

மருத்துவம்

மனிதருக்குத் தரும் சர்க்கரை மாத்திரைகள் நாய்களுக்குப் பொதுவாகப் பயன்படுவதில்லை. பெரும்பாலும் 12 மணி நேர இடைவெளியில், உணவுக்குப் பின் இன்சுலின் ஊசி போட வேண்டும். அளவை மருத்துவரே முடிவு செய்வார்.

இந்தியாவில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு, 100 அலகு என இருவகை இன்சுலின் கிடைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் உரிய ஊசிக்குழல் வேறு. 100 அலகு இன்சுலினை 40 அலகுக் குழலில் 10 என்ற கோடு வரை எடுத்தால், உடலில் சேர்வது 25 அலகு. இத்தவறு உயிருக்கே ஆபத்தாகலாம்.

சர்க்கரை குறைதல்

சோர்வு, தள்ளாட்டம், வலிப்பு ஆகியவை சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்ததைக் காட்டும். தேனை ஈறுகளில் தடவி, உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். நாய் உண்ண மறுத்தால் வழக்கமான அளவு ஊசியைப் போடாமல் முதலில் மருத்துவரைக் கேட்பது நல்லது.

பராமரிப்பு

உணவின் அளவும் நேரமும் மாறக்கூடாது. வீட்டுக்கு வருவோர் அன்பாகப் போடும் பிஸ்கட்டும் பொங்கலும் கணக்கைக் கெடுக்கும். ‘சர்க்கரை இல்லாத’ தின்பண்டங்களில் உள்ள சைலிட்டால் நாய்க்கு நஞ்சு. கருத்தடை செய்யாத பெண் நாய்களில் பருவச் சுழற்சியின்போது நோய் கட்டுக்கடங்காமல் போவதால், கருத்தடை அறுவை பரிந்துரைக்கப்படுகிறது.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது. 2022 டிசம்பரில் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த மாண்டஸ் போன்ற புயல்களின்போது மின்சாரம் தடைபடும். ஈரப்பதம் மிகுந்த கடற்கரையில் மண்பானை குறைவாகவே குளிர்விக்கும். எனவே பனிக்கட்டி வைத்த பெட்டியில், பனிக்கட்டி நேரடியாகப் படாதவாறு துணியில் சுற்றி மருந்தை வைக்கலாம்.

மருத்துவ உதவி

உள்ளூர்க் கால்நடை மருத்துவரை முதலில் அணுகலாம். மேல்சிகிச்சைக்கு, 1903 இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை உள்ளது. ஊசி, உணவு நேரங்களையும் எடையையும் குறித்துக் கொண்டு சென்றால் மருத்துவர் அளவைத் திருத்துவது எளிதாகும். ஒழுங்கான பராமரிப்பு கிடைத்தால் இந்நோயுள்ள நாய் பல ஆண்டுகள் நலமாக வாழலாம்.