காற்று முதலில், தீ பிறகு

எங்கள் பாட்டியிடம் ஒரு பித்தளை பம்ப் ஸ்டவ் இருந்தது. மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்து வீடு. பகலிலும் விளக்குப் போட வேண்டிய சமையலறை. அந்த ஸ்டவ்வைப் பற்றவைக்க ஒரு வரிசை உண்டு. கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்த வேண்டும். பர்னர் நன்றாகக் காயும்வரை பேசாமல் நிற்க வேண்டும். அப்புறம்தான் திருகை மூடி பம்ப் அடிக்க வேண்டும். ஒருநாள் நான் பொறுமையில்லாமல் முன்கூட்டியே அடித்துவிட்டேன். மண்ணெண்ணெய் ஆவியாகாமல் அப்படியே பீச்சி, மஞ்சள் தீ ஆளுயரம் எழுந்தது. உத்தரத்தில் கரிவட்டம் ஒன்று விழுந்தது. “அடுப்புக்கு என்னடா அவசரம்? உனக்குத்தான் அவசரம்” என்றாள் பாட்டி. அந்த வட்டம் வீடு இடிக்கப்படும்வரை இருந்தது.

செஸ்னா காரவான் விமானத்தின் எஞ்சினைக் கிளப்பும் முறையைப் படித்தபோது அந்த வட்டம்தான் நினைவுக்கு வந்தது. அங்கேயும் ஒரு வரிசை உண்டு. அதை மீறினால் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான்.

மந்தைவெளி, அடையாறு மொட்டை மாடிகளுக்கு மேலே தாழ்ந்து மீனம்பாக்கம் போகிற பெரிய ஜெட்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு காரவான் ஒரு பொம்மை போலத் தெரியலாம். மூக்கில் ஒரே ஒரு ப்ரொப்பெல்லர், உடலுக்கு மேலே இறக்கை, மடங்காத சக்கரங்கள், சாமான் ஏற்ற அகலமான கதவு. நம் ஊரில் ‘குட்டி யானை’ என்று சின்ன லாரியைச் சொல்கிறோமே, வானத்தில் அந்த வேலையைச் செய்வது இது. 1982 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்தது. ஃபெடெக்ஸ் நிறுவனம் தொடக்கத்திலேயே பார்சல் சுமக்க வாங்கியது. இன்றுவரை 3,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். மிதவை பூட்டிய காரவான் 2011-இல் அந்தமானில் ‘ஜல் ஹன்ஸ்’ என்ற பெயரில் போர்ட் பிளேருக்கும் ஹேவ்லாக்குக்கும் இடையே பறந்தது. இலங்கையில் சின்னமன் ஏர் இதே விமானத்தை வைத்துத்தான் கட்டுநாயக்காவிலிருந்து கிளம்பி, கொக்கல ஏரியிலும் ஹட்டன் பக்கத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்திலும் இறக்கியது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, தண்ணீரில்.

இத்தனைக்கும் ஒரே எஞ்சின். பிராட் அண்ட் விட்னி கனடாவின் பிடி6. நம் விமானப்படைப் பயிற்சி மாணவர்கள் ஓட்டிப் பழகும் பிலாட்டஸ் பிசி-7 விமானத்தின் மூக்கிலும் இதே குடும்பத்து எஞ்சின்தான் இருக்கிறது.

அது எப்படி ஓடுகிறது? பம்ப் ஸ்டவ்வையே வைத்துக்கொள்ளலாம். எரிபொருளும் ஒன்றுதான். விமானத்துக்கு ஊற்றும் ஜெட் ஏ-1, ரேஷன் கடை மண்ணெண்ணெய்க்கு நன்றாகச் சுத்திகரிக்கப்பட்ட உடன்பிறப்பு.

இந்த எஞ்சின் விமானத்தில் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. காற்று மூக்குப் பக்கமாக நுழைந்தாலும் எஞ்சினின் பின்பக்கம் போய்த்தான் உள்ளே வரும். அங்கே வரிசையாகச் சுழலும் தகடுகள் அதை அழுத்தி அழுத்தி முன்னே தள்ளும். இதுதான் கம்ப்ரஸர், ஸ்டவ்வின் பம்ப். அழுந்திய காற்று வளைய வடிவத் தீயறைக்குள் போகும். 14 நுண்ணிய துளைமூக்குகள் மண்ணெண்ணெயைப் பனிபோலத் தெளிக்கும். எரிந்து வீங்கிய சூடான வாயு முன்பக்கமாகப் பாய்ந்து முதல் டர்பைன் சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சக்கரத்தின் தண்டில்தான் கம்ப்ரஸர் மாட்டியிருக்கிறது. அதாவது தீயே பம்ப் அடித்துக்கொள்கிறது. ஒருமுறை பிடித்துவிட்டால் கை வேண்டாம்.

வேலை அதோடு முடியவில்லை. முதல் சக்கரத்தைத் தாண்டிய வாயுவுக்கு இன்னும் வேகம் இருக்கிறது. அது எதிரே இருக்கும் இரண்டாவது டர்பைனைச் சுழற்றுகிறது. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே தண்டும் இல்லை, பல்சக்கரமும் இல்லை, வெறும் காற்றுதான். சமையலறைச் சுவரில் இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன், ஸ்விட்ச் போடாமலே வெளிக்காற்றில் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். இந்த இரண்டாவது டர்பைன்தான் ப்ரொப்பெல்லரைச் சுழற்றுகிறது. இந்தப் பிரிவினை எனக்கு மிகவும் பிடித்த விஷயம். எஞ்சினைக் கிளப்பும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் அவ்வளவு பெரிய ப்ரொப்பெல்லரை இழுக்க வேண்டியதில்லை; கம்ப்ரஸரை மட்டும் சுற்றினால் போதும். மாவு நிறைந்த கிரைண்டரைக் குழவியோடு கிளப்பும்போது மோட்டார் முக்குமே, அந்த முக்கல் இங்கே இல்லை.

டர்பைன் நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும். ப்ரொப்பெல்லர் 1,900 சுற்றைத் தாண்டக் கூடாது. இட்லிக்கு உளுந்தை மிக்ஸியில் அரைத்தால் மாவு சூடாகிப் பொங்காமல் போகும். அதே உளுந்து கிரைண்டரில் மெதுவாகச் சுற்றினால் வெண்ணெயாகத் திரளும். ப்ரொப்பெல்லரும் அப்படித்தான். அதன் குறுக்களவு ஏறக்குறைய 2.7 மீட்டர். 1,900 சுற்றிலேயே அதன் நுனி ஒலியின் வேகத்தில் முக்கால் பங்கை எட்டிவிடும். அதற்கு மேல் போனால் காற்றைத் தள்ளாமல் இரைச்சல்தான் போடும். ஆகவே நடுவே ஒரு கியர்பாக்ஸ். கிரைண்டர் மோட்டாரின் சின்னக் கப்பியிலிருந்து பெல்ட் வழியாகப் பெரிய கப்பிக்கு வேகம் இறங்குகிறதல்லவா, அந்த வேலையை இங்கே பல்சக்கரங்கள் செய்கின்றன.

இனி, பைலட்டுகள் உண்மையில் பயப்படும் அரை நிமிடத்துக்கு வருவோம்.

பேட்டரியில் ஸ்டார்ட்டர் சுற்றத் தொடங்கும். கம்ப்ரஸரின் வேகத்தைச் சதவீதத்தில் காட்டும் முள் மெல்ல ஏறும்: ஐந்து, எட்டு, பத்து. குறைந்தது 12 சதவீதம் வந்து நிலைக்கும்வரை எரிபொருள் லீவரைத் தொடக் கூடாது. பாட்டியின் ஸ்டவ்வில் சூடு போதாமல் தீ எகிறியது. இங்கே காற்று போதாமல் எகிறும். உள்ளே வரும் காற்றில் பெரும்பகுதி எரிவதற்கு அல்ல, குளிர வைப்பதற்கு. அது குறைந்தால் தீ நேரே டர்பைன் தகடுகளை நக்கும். லீவரைத் தள்ளியதும் வெப்பமானி முள் சரசரவென்று ஏறும். காரவானின் 114ஏ ரக எஞ்சினில் கிளப்பும்போது அதிகபட்சம் 1,090 டிகிரி, அதுவும் 2 விநாடிதான். மீறினால் எஞ்சினைப் பிரித்துப் பார்க்க வேண்டியதுதான். பால் பொங்குகிறதா என்று அடுப்படியில் நிற்பவள் வாசலில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். பைலட்டும் அந்த முள்ளை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. கை லீவரிலேயே இருக்கும், தப்பாகப் போனால் உடனே எரிபொருளை நிறுத்த. பொங்கிய பாலைத் துடைத்துவிடலாம். வெந்துபோன டர்பைன் தகட்டை மாற்றத்தான் வேண்டும்.

அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் ஸ்விட்ச் போட்டதும் முதலில் பேட்டரி வோல்டேஜைப் பார்க்கிறார்கள். பேட்டரி சோர்ந்திருந்தால் கம்ப்ரஸர் மந்தமாகச் சுற்றும், காற்று குறையும், சூடு ஏறும். ஸ்டவ்வின் தோல் வாஷர் காய்ந்துபோனால் எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது. பாட்டி ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவாள். இங்கே வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துக் கிளப்புவார்கள்.

பறக்கும் பள்ளியில் செஸ்னா 152, 172 போன்ற பிஸ்டன் விமானங்களில் பழகியவர்கள் காரவானுக்கு மாறும்போது ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பிஸ்டன் எஞ்சின் கேஸ் அடுப்பு மாதிரி, திருகினால் உடனே தீ. டர்பைன் கனத்த இரும்பு தோசைக்கல். லீவரைத் தள்ளியதும் கம்ப்ரஸர் வேகம் பிடிக்க ஒன்றிரண்டு விநாடி ஆகும். ஓடுபாதைக்கு அருகில் தாழ்ந்து இறங்கும்போது அந்த இரண்டு விநாடி பெரிது. கல் காய்வதற்கு முன்பே மாவைக் கையில் எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர்தான் நல்ல தோசை வார்ப்பார்.

மேலே ஏற ஏறக் காற்று மெலியும். கீழே இருக்கும்போது ப்ரொப்பெல்லர் தண்டைத் திருப்பும் முறுக்குவிசைக்கு உள்ள எல்லை முதலில் வரும்; உயரத்தில் வெப்ப எல்லை முந்திக்கொள்ளும். எது முதலில் வருகிறதோ அங்கே கையை நிறுத்த வேண்டும். எல்லைக்குள் இருந்தாலும் கொஞ்சம் குறைத்தே ஓட்டுவது நல்லது என்று சொல்லும் பைலட்டுகள் நிறையப் பேர். எனக்கும் அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. இந்த எஞ்சினின் ஆயுளைத் தின்பது ஓடிய நேரம் மட்டுமல்ல, பட்ட சூடு.

துளைமூக்குகளுக்கும் இதில் பங்கு உண்டு. அடைத்துக்கொண்டால் எரிபொருள் பனியாகாமல் கோடாக விழும், அந்த இடத்தில் உலோகம் கருகும். ஸ்டவ் பின் நினைவிருக்கிறதா? தகர நுனியில் மயிரிழைக் கம்பி வைத்தது. தீ மஞ்சளாகி ஒரு பக்கம் சாய்ந்தால் பாட்டி அதை எடுத்துத் துளையில் ஒரு குத்து குத்துவாள், தீ நீலமாகிவிடும். எஞ்சினிலும் துளைமூக்குகளைக் குறித்த மணிக்கணக்கில் கழற்றிச் சுத்தம் செய்கிறார்கள்.

மண் ஓடுபாதையில் தூசி, மழை, பனிக்கட்டி வந்தால்? காரவானின் காற்றுவாயில் ஒரு தடுப்பு இருக்கிறது. பைலட் கைப்பிடியை இழுத்தால் காற்று சட்டென்று வளைந்து போக வேண்டியிருக்கும். காற்று லேசானது, வளைந்துவிடும். கல்லும் பனித்துகளும் கனமானவை. வந்த வேகத்தில் நேரே போய் வெளியே விழும். முறத்தில் புடைக்கும்போது அரிசி ஒரு பக்கமும் உமி ஒரு பக்கமும் போவது இதே விதியால்தான். இங்கே வேண்டியது காற்று, வேண்டாதது கனம். முறம் தலைகீழாகிவிட்டது, அவ்வளவுதான்.

சரி, ஒரே எஞ்சின் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி யாருக்கும் வரும். ப்ரொப்பெல்லர் இதழ்களின் கோணத்தை எண்ணெய் அழுத்தம்தான் பிடித்துவைத்திருக்கிறது. அழுத்தம் போனால் சுருள்வில்லும் எதிர் எடைகளும் சேர்ந்து இதழ்களைக் காற்றின் திசைக்கு ஓரமாகத் திருப்பிவிடும். கெட்டிப் பாயசத்தில் கரண்டியை அகலவாட்டில் இழுத்துப் பாருங்கள், பிறகு விளிம்பு வாட்டில் இழுத்துப் பாருங்கள். எவ்வளவு வித்தியாசம்! அந்த விளிம்பு வாட்டம்தான் விமானம் அதிக இழுவையின்றிச் சறுக்கி இறங்க நேரம் தருகிறது. ஆனாலும் இறங்க ஓர் இடம் வேண்டும். இதனாலேயே ஒற்றை எஞ்சின் டர்பைன் விமானத்தை இரவிலும் மேகத்துக்குள்ளும் கட்டணப் பயணிகளோடு ஓட்ட ஐரோப்பா பொது அனுமதி கொடுத்தது 2017-இல்தான்.

பைலட்டுகளிடையே இதில் இரண்டு கட்சி உண்டு. இரண்டு எஞ்சின் இருந்தால் ஒன்று போனாலும் ஒன்று இருக்கும் என்பது ஒரு கட்சி. ஒன்று போன இரட்டை எஞ்சின் விமானம் ஒரு பக்கம் இழுக்கும், அதைச் சமாளிக்கத் தெரியாமல் விழுந்தவர்கள் உண்டு, நன்றாகப் பராமரித்த ஒரு பிடி6 போதும் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது பக்கம் சாய்ந்தாலும் அதில் ஒரு எச்சரிக்கை உண்டு. 2011 மே மாதம் ஃபரிதாபாதில் நோயாளியோடு வந்த பிலாட்டஸ் பிசி-12 வீடுகள் மேல் விழுந்து பத்துப் பேர் இறந்தார்கள். அதுவும் ஒற்றை எஞ்சின் டர்பைன் விமானம்தான். விசாரணை சுட்டியது மோசமான வானிலையையும், இருட்டில் பைலட்டுக்கு மேல் கீழ் தெரியாமல் கட்டுப்பாடு தவறியிருக்கக் கூடியதையும், எஞ்சினை அல்ல. அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருக்கும் வீட்டிலும் புயல் கூரையைப் பெயர்க்கும்.

தரையிறங்கியதும் உடனே அணைத்துவிட மாட்டார்கள். ஒரு நிமிடமாவது குறைந்த வேகத்தில் ஓடவிட்டுச் சூடு சமப்பட்ட பிறகே எரிபொருளை நிறுத்துவார்கள். ப்ரொப்பெல்லர் இதழ்கள் தாமாக ஓரம் திரும்பி, மெதுவாகி, நிற்கும். கடல் பக்கத்தில் பறந்திருந்தால் இன்னும் வேலை பாக்கி. எஞ்சின் ஆறிய பிறகு, தீ மூட்டாமல் ஸ்டார்ட்டரில் வெறுமனே சுற்றவிட்டு, காற்றுவாயில் நல்ல தண்ணீரைத் தெளிப்பார்கள். கம்ப்ரஸர் தகடுகளில் படிந்த உப்பு கரைந்து புகைப்போக்கி வழியாக வழியும். கச்சேரி ரோட்டு வீட்டில் ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, பாட்டி ஸ்டவ்வின் காற்றைத் திறந்துவிடுவாள்; உஸ்ஸென்ற அந்தச் சத்தம் ஓய்ந்ததும், புளி போட்டுத் தேய்த்துப் பித்தளையைக் கழுவிக் கவிழ்த்துவைப்பாள்.