கூதிரும் பனியும்: மலையேறுமுன் அறிய வேண்டுவன

குறிஞ்சித் திணைக்குரிய பெரும்பொழுதுகளாகக் கூதிரையும் முன்பனியையும் தொல்காப்பியம் வகுக்கின்றது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மலைக்குரிய காலமென்று நம் முன்னோர் கண்ட இம்மாதங்களில்தான் இன்றைய இளைஞரும் மலையேற விழைகின்றனர். அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் அவ்விழைவிற்குத் துணை செய்கின்றன. சேலத்தார்க்குச் சேர்வராயன் மலையும் நாமக்கல்லார்க்கு வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையும் வீட்டு முற்றத்திலிருந்தே தெரிகின்றன. அண்மையில் இருப்பதனாலேயே அவற்றை நாம் எளியவை என எண்ணிவிடுகின்றோம். புறப்படலாமா, நாளை மாற்றலாமா என்பதை எவ்வாறு முடிவு செய்வது என்று ஈண்டு ஆராய்வோம்.

நமது சமவெளி மழை குறைந்த நிலம். காலையில் எழுந்து வானத்தை அண்ணாந்து பார்த்து, வெயில் அடித்தால் புறப்படுவது நம்மவர் வழக்கம். இவ்வழக்கமே முதற்பிழை. சேலம் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடோ ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் உள்ளது. வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்து உள்நாட்டிற்குள் வருகின்றது. மலை குறுக்கிட்டதும் அக்காற்று மேலெழுந்து, குளிர்ந்து, முகிலாகி அங்கேயே பொழிகின்றது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறையும். எனவே நாமக்கல்லில் காயும் வெயில் கொல்லிமலையின் வானிலைக்குச் சான்றாகாது. ஒரே மாவட்டத்திற்குள் இரண்டு வானங்கள் உள்ளன எனலாம்.

இன்று மழை பெய்யுமா என்ற வினாவினும் முதன்மையான வினா வேறொன்றுண்டு. கடந்த மூன்று நாள்களில் மலைமேல் எவ்வளவு மழை பெய்தது என்பதே அது. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பது பழமொழி. மலையிலோ மழை விட்ட பின்னரும் மண் விடுவதில்லை. நீரை உறிஞ்சிப் பாரமேறிய சரிவு, வெயில் அடிக்கும் நாளிலும் சரியக்கூடும்.

2024-ஆம் ஆண்டின் ஃபெஞ்சல் புயல் இதனைத் தெளிவாகக் காட்டிற்று. நவம்பர் 30-ஆம் நாள் இரவு அது புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரை கடந்த புயல் ஓய்ந்த புயல் என்றே பலரும் கருதினர். ஆனால் அது நகராது நின்று பொழிந்து, பின் மெல்ல உள்நாடு நோக்கி வந்தது. டிசம்பர் 1-ஆம் நாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீடுகளின்மேல் விழுந்து எழுவர் மாண்டனர். டிசம்பர் 2-ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஏற்காடு மலைப்பாதையிலும் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. கடற்கரையில் நிகழ்ந்த ஒன்று, இரு நாள் கழித்து நம் மலைகளை வந்து தாக்கிற்று. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்ற செய்தி வந்தால், அது சென்னையாரின் கவலை மட்டுமே என்று சேலத்தார் இருத்தல் ஆகாது.

வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைப் படிக்கும் முறையையும் அறிந்துகொள்ள வேண்டும். ஒரு நாளின் மழையளவு என அச்சாவது, அன்று காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்து மழையாகும். அது 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6-ஐத் தொட்டால் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் எச்சரிக்கை நிறங்கள் மாவட்டம் முழுமைக்கும் பொதுவாக வழங்கப்படுபவை. மலைக்கென்று தனி நிறம் இல்லை. ஆதலின் மாவட்டத்திற்கு மஞ்சள் என்றால் மலைக்கு ஆரஞ்சு எனக் கொள்வதே அறிவுடைமை என்பது நம் கருத்து. பனிமலை நாடுகளில் பனிச்சரிவு அபாயத்தை ஐந்து படிகளாக வகுத்து அறிவிக்கின்றனர். அங்கும் முதலில் கேட்கப்படுவது அண்மையில் எவ்வளவு பனி விழுந்தது, சரிவு எத்துணைச் செங்குத்து என்பதே. அவர்களுக்குப் பனி, நமக்கு மழை.

அடுத்து நோக்கத்தக்கது நீர்வழி. கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவியாக விழும் ஐயாறு, கீழே புளியஞ்சோலையில் பாறைகளினூடே ஓடுகின்றது. புளியஞ்சோலையில் நிற்பவர் தலைக்குமேல் வெயில் அடிக்கலாம். அவர் கண்ணுக்குத் தெரியாத மேல்மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். அம்மழை வந்து சேரும்போது நீர் விரைவில் உயரும். தெளிந்த நீர் கலங்குதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், ஓடும் ஓசை மாறுதல் ஆகிய மூன்றனுள் ஒன்றைக் கண்டாலும் உடனே கரையேற வேண்டும். முழங்காலளவு நீரே ஆயினும், விரைந்து ஓடுமாயின் ஆளைச் சாய்க்கும். போகும்போது எளிதாகக் கடந்த ஓடை திரும்பும்போது கடக்க இயலாததாகலாம் என்பதையும் நினைவில் கொள்க. ஆகாய கங்கைக்குச் செல்லும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் மழைக்காலத்தில் பாசி படியும். ஏறுவதினும் இறங்குவதிலேயே கால் வழுக்கும் என்பது நடந்தவர் அறிந்தது. வெள்ளக் காலத்தில் வனத்துறையினர் அருவிக்குத் தடை விதிக்கும்போது அவர்களோடு வாதிடும் நண்பர்களைப் பற்றி என்ன சொல்வது!

மார்கழி பிறந்து மழை ஓய்ந்ததும் மூடுபனி வருகின்றது. ஏற்காட்டில் நாம் பனி என்றழைப்பது பல நாள்களில் மலையைத் தொட்டு நகரும் முகிலே. பத்தடிக்கு அப்பால் பாதை மறையும். கிளைவழிகள் ஒன்றுபோல் தோன்றும். காட்டெருமை நிற்பதும் புலப்படாது. நனைந்த ஆடையோடு காற்றில் நிற்பவருக்கு, உறைபனி இல்லாமலேயே உடல் வெப்பம் ஆபத்தான அளவிற்குக் குறையும். மாற்றுச் சட்டையும் மழைக்காப்பும் இன்றி ஏறுவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை. பகலும் சிறிது. டிசம்பர் இறுதியில் நம் பகுதியில் மாலை 6 மணியளவில் கதிரவன் மறையும்; கிழக்குச் சரிவில் அதற்கு நெடுநேரம் முன்னரே நிழல் கவியும். எனவே எட்ட வேண்டிய இடத்தை வைத்தன்று, திரும்ப வேண்டிய நேரத்தை வைத்தே பயணத்தைத் திட்டமிடுதல் வேண்டும். பிற்பகல் 1 மணிக்குத் திரும்புவதென்று புறப்படுமுன் முடிவு செய்தால், உச்சி ஒரு கல் தொலைவில் இருந்தாலும் திரும்பியாக வேண்டும்.

மாசி, பங்குனி ஆகிய பின்பனிக் காலத்தில் மலை வேறொரு முகம் கொள்கின்றது. தொல்காப்பியம் பின்பனியைப் பாலைக்கு உரியதாக்கியது வியப்பிற்குரியது. கூதிரில் தழைத்த புல் இப்போது காய்ந்து விறகாகின்றது. இதன் கொடுமையைத் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் தமிழகம் கண்டது. சென்னையிலிருந்தும் நமக்கு அண்மையான ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்தும் சென்ற மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி, மொத்தம் 23 பேர் உயிரிழந்தனர். தீ மேல்நோக்கிச் செல்லும்போது வேகம் கொள்ளும். சரிவில் மேலேறி ஓடுபவரை அது எளிதில் பிடித்துவிடும். அவ்விபத்திற்குப் பின்னரே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் அமைந்த 40 பாதைகளுள் ஏற்காட்டுப் பகுதியின் குண்டூர், நாகலூர்ப் பாதைகளும் உள்ளன. காட்டுத்தீக் காலம் கருதி 2025 பிப்ரவரி நடுவில் அத்திட்டப் பாதைகள் மூடப்பட்டன. வானம் தெளிந்து, காற்று உலர்ந்து, பாதை காய்ந்திருக்கும் நாளே மிக நல்ல நாள் என்னும் எண்ணம் பின்பனிக்குப் பொருந்தாது.

இவ்வளவும் அறிந்த பின்னரும் மலையடிவாரத்தில் ஒன்று செய்ய வேண்டியுள்ளது. இரு மலைகளிலும் வாழும் மலையாளி மக்களிடம், நேற்று ஓடையில் நீர் எவ்வளவு இருந்தது, எந்தச் சரிவில் மண் இளகியுள்ளது, எங்குப் புல் காய்ந்துள்ளது என்று கேட்டல் வேண்டும். வழி கேட்பது எல்லாரும் செய்வது. வழியின் நிலையைக் கேட்பவர் சிலரே. அவர் வேண்டாமென்று தலையசைத்தால், கைபேசியில் தெரியும் வானிலைப் படத்தைக் காட்டி மறுத்தல் தகாது.

பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளை அடைத்து வைக்க வேண்டுவதில்லை. இசைவு கேட்டு வருபவரிடம் மூன்று வினாக்கள் கேட்டால் போதும்: மூன்று நாள் மழையளவு என்ன, வனத்துறையின் அனுமதி எங்கே, எத்தனை மணிக்குத் திரும்பத் தொடங்குவீர்கள். விடைகளைத் தாளில் எழுதி வாங்கி, அத்தாளை வீட்டில் வைத்துக்கொள்க. குறித்த நேரம் கடந்தும் செய்தி வாராதாயின், எவரைத் தேடி எந்தப் பாதையில் செல்வது என்பது அதில் இருக்கும்.