வெள்ளைக் கடுவனும் கேளாத காதும்

உங்கள் வீட்டில் ஒரு ராஜபாளையம் பெட்டை நாய் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பால் வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, வயது இரண்டு. முதன்முறையாக அதற்குக் குட்டி எடுக்க விரும்புகிறீர்கள். "இதே ஈத்தில் பிறந்த கடுவன் ஒன்று அடுத்த தெருவில் இருக்கிறது. நிறமும் உயரமும் அப்படியே இருக்கும். அதையே சேர்த்துவிடுங்கள், இனம் கலக்காது" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். இந்த யோசனையை ஏற்கலாமா?

நல்ல பொலிகாளையைத் தேடி ஊர் ஊராகச் செல்லும் நம் மக்கள், நாய் என்று வரும்போது அவ்வளவு ஆராய்வதில்லை. தோற்றம் நன்றாக இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் கடுவன் தன் குட்டிகளுக்குக் கொடுப்பது தோற்றத்தை அன்று. தன் மரபணுக்களில் பாதியை. நாயின் உடற்செல்லில் 78 குரோமோசோம்கள் உள்ளன. அவற்றில் 39 தாயிடமிருந்தும், 39 தந்தையிடமிருந்தும் வந்தவை. கண்ணுக்குத் தெரியாத குறை ஏதேனும் தந்தையிடம் இருந்தால், அதுவும் அந்த 39-இல் ஏறி வரக்கூடும்.

வெண்மையும் செவியும்

ராஜபாளையம் நாய்களில் சில செவிடாக இருப்பதை அவ்வினத்தை வளர்ப்போர் அறிவர். வெள்ளை நிறத்துக்கும் காதுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம்.

கரு வளரும்போது, நிறமிச் செல்கள் முதுகுப் பக்கத்திலிருந்து புறப்பட்டு உடலெங்கும் பரவுகின்றன. அவை போய்ச் சேர்ந்த இடத்தில் மயிருக்கு நிறம் கிடைக்கிறது. சேராத இடம் வெள்ளையாக நின்றுவிடுகிறது. இச்செல்களில் சில உட்செவிக்கும் செல்ல வேண்டும். அங்கே அவற்றின் வேலை நிறம் கொடுப்பது அன்று. மின்னழுத்தம் உண்டாக்க உதவுவது!

உட்செவியில் நத்தை ஓடு போல் சுருண்ட குழல் ஒன்று உண்டு. அதனுள் உள்ள ஒரு திரவம் தன் சுற்றுப்புறத்தைவிட ஏறத்தாழ 80 மில்லிவோல்ட் கூடுதல் மின்னழுத்தத்தில் இருக்கிறது. டார்ச் விளக்கு மின்கலத்தின் 1.5 வோல்ட்டுடன் ஒப்பிட்டால் இது சிறிதுதான். ஆயினும் கேட்கும் திறனுக்கு இதுவே ஆதாரம். ஒலி வந்து மோதும்போது நுண்மயிர்ச் செல்களின் வாயில்கள் திறக்கின்றன. பொட்டாசியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. செய்தி நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. அயனிகளைத் தள்ளும் விசை அந்த 80 மில்லிவோல்ட்தான். அதைப் பேணும் திசுவில் நிறமிச் செல்கள் இல்லாவிட்டால் மின்கலம் செயலிழக்கிறது. பின்னர் நுண்மயிர்ச் செல்களும் மடிகின்றன. குட்டி பிறந்த மூன்று, நான்கு வாரங்களுக்குள் இது நடந்து முடிந்துவிடும். இழந்த செவி பிறகு திரும்புவதில்லை.

வெள்ளை நாய்கள் எல்லாம் செவிடு என்று இதற்குப் பொருள் இல்லை. தோலில் நிறமிச் செல் இல்லாத நாய்க்கும் உட்செவியில் போதுமான அளவு இருக்கலாம். ஆபத்து கூடுதல் என்பதே உண்மை.

ஒரு காது மட்டும் கேட்டால்?

வெள்ளை உடலில் கரும்புள்ளிகள் கொண்ட டால்மேஷியன் இனத்தில் இக்குறை நன்கு ஆராயப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான நாய்களைச் சோதித்ததில், நூற்றுக்கு ஏறத்தாழ 8 நாய்களுக்கு இரு காதும் கேட்கவில்லை. ஏறத்தாழ 22 நாய்களுக்கு ஒரு காது மட்டும் கேட்கவில்லை.

இந்த இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். இரு காதும் கேளாத நாயை உரியவர் சில நாட்களில் கண்டுகொள்வார். ஒரு காது கேளாத நாயோ கூப்பிட்டால் ஓடி வரும். கதவு தட்டினால் குரைக்கும். அதில் குறை உண்டு என்று யாருக்கும் தோன்றாது. ஆனால் அது பெற்றோர் ஆனால், அதன் குட்டிகள் செவிடாகும் வாய்ப்பு அதிகம். ஆகவே, "கூப்பிட்டால் வருகிறதே" என்பது கடுவனுக்குப் போதிய சான்று ஆகாது.

இதைக் கண்டறிய 'பேயர்' எனப்படும் மின்சோதனை உதவுகிறது. ஒரு காதில் 'டிக், டிக்' என்ற ஒலியைச் செலுத்தி, மூளைத் தண்டில் எழும் நுண்ணிய மின்துடிப்பைத் தலைத் தோலில் செருகிய மெல்லிய ஊசிகளின் வழியே பதிவு செய்வார்கள். பின்பு மறு காதுக்கும் அவ்வாறே செய்வார்கள். குட்டி ஐந்தாறு வாரம் வளர்ந்துவிட்டால் சோதிக்கலாம். எல்லா ஊர் மருத்துவமனைகளிலும் இக்கருவி இராது. கால்நடைக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரித்துப் பாருங்கள். சோதிக்க வழி இல்லையென்றால், கடுவனின் உடன்பிறப்புகளையும், அது முன்பு ஈன்ற ஈத்துகளையும் பற்றிக் கேளுங்கள். செவிட்டுக் குட்டி பிறந்திருந்தால் வேறு கடுவனைத் தேடுவதே நன்று.

ராஜபாளையத்தில் கறுப்பு, பழுப்பு நாய்களும் உண்டு. மதிப்பு மட்டும் வெள்ளைக்கே. டால்மேஷியனிலும் இப்படித்தான். பிறக்கும்போதே பெரிய கரும்பட்டை உள்ள குட்டிகளில் செவிடு குறைவு. கண்காட்சி விதிகளோ அவற்றையே தள்ளிவைக்கின்றன. அழகுக்கென்று நாம் செய்த தேர்வு, செவிக்கு எதிரான தேர்வாகவும் ஆகிவிட்டது.

உடன்பிறப்பைச் சேர்த்தால்?

இனி, நண்பர் சொன்ன அந்த ஒரே ஈத்துக் கடுவனுக்கு வருவோம். பார்வையைச் சிறுகச் சிறுகப் பறிக்கும் விழித்திரைச் சிதைவு நோயின் பல வகைகள் ஒடுங்கு பண்பாக வருபவை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் நோய் தோன்றும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால், நாய் நலமாகவே இருந்து குறையைச் சுமந்து செல்லும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். உங்கள் பெட்டையின் தந்தை இப்படி ஒரு குறையைச் சுமக்கிறது, தாய் சுமக்கவில்லை. பெட்டை அதைப் பெற்றிருக்கும் வாய்ப்பு 1/2. அதன் உடன்பிறந்த கடுவனுக்கும் 1/2. இருவரும் சுமந்தால் ஒரு குட்டிக்கு நோய் வரும் வாய்ப்பு 1/4. மூன்றையும் பெருக்கினால் 1/16. இதற்குப் பதிலாக, உறவில்லாத கடுவனைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். வெளிநாய்களில் ஐம்பதில் ஒன்று இக்குறையைச் சுமப்பதாகக் கொண்டால், வாய்ப்பு 1/2 × 1/50 × 1/4, அதாவது 1/400. ஆபத்து இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது!

உறவில்லாத கடுவனும் ராஜபாளையம்தானே? ஆகவே இனம் கலந்துவிடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. கடுவனின் பெற்றோர், பாட்டன், பாட்டி யார் என்று எழுதி வாங்குங்கள். உங்கள் பெட்டையின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒரே பெயர் இரு பக்கமும் வந்தால் எச்சரிக்கை தேவை.

பார்க்கப் போகும் நாளில்

கடுவனுக்கும் பெட்டைக்கும் புருசெல்லா தொற்று இல்லை என்ற இரத்தப் பரிசோதனைச் சான்று வேண்டும். இணை சேரும்போது பரவும் இந்நோய் கருவைச் சிதைக்கும்; மனிதருக்கும் தொற்றக்கூடும். அடுத்து, கடுவனின் குணத்தைப் பாருங்கள். அந்நியரைக் கண்டு குரைப்பது காவல் நாயின் இயல்பு. உரியவர் அடக்கியும் அடங்காத வெறியும், காரணமற்ற அச்சமும் நல்ல அறிகுறிகள் அல்ல.

விற்பனைக்காகக் குட்டி எடுப்போர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றும், 18 மாதம் நிரம்பாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது என்றும் 2017-இல் இந்திய அரசு வெளியிட்ட விதிகள் கூறுகின்றன. இவற்றையும் மனத்தில் கொள்ளுங்கள்.

பெட்டை தன் வாழ்நாளில் சில ஈத்துகளே ஈனும். கடுவனோ ஓராண்டிலேயே பல ஈத்துகளுக்குத் தந்தையாகலாம். எல்லோரும் அழகான ஒரே கடுவனை நாடினால், அதன் குறை சில தலைமுறைகளில் இனம் முழுவதிலும் பரவிவிடும். எண்ணிக்கையில் சிறிய நம் நாட்டு இனங்களுக்கு இது பேரிழப்பு. பெட்டை பருவத்துக்கு வந்த பின் அவசரமாகத் தேடாமல், ஆறு மாதம் முன்பே விசாரணையைத் தொடங்கிவிடுங்கள். பிறக்கப்போகும் குட்டிகளின் கண்ணும் காதும் அந்த ஆறு மாத உழைப்பைப் பொறுத்தவை.