அளவு குறையாத பிரேக் ஆயிலையும் ஏன் மாற்ற வேண்டும்?

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. செங்குத்தான இறக்கம். அடுத்தடுத்து நடந்த விபத்துகளுக்குப் பிறகே அங்கே வெளியூர் வாகனங்கள் இறங்குவதற்குக் கட்டுப்பாடு வந்தது. மலையிறக்கத்தில் பிரேக் கைவிடும்போது வேகத்தையும், கியரை நியூட்ரலில் போட்டு ஓட்டும் பழக்கத்தையும் குறை சொல்கிறோம். அது சரிதான். ஆனால், அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு: பிரேக் ஆயிலில் சேர்ந்திருக்கும் தண்ணீர்.

காலால் மிதிக்கும் அழுத்தத்தை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுபோவது இந்த ஆயில்தான். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால், ஒரு முனையில் கொடுத்த அழுத்தம் மறுமுனைக்கு அப்படியே போய்ச் சேருகிறது. ஆயில் கொதித்துவிட்டால் கதை மாறிவிடும். ஆவிக்குமிழியை அமுக்கினால் அது சுருங்கும். மிதித்த அழுத்தமெல்லாம் அந்தக் குமிழியிலேயே தீர்ந்துபோகும். பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. இதைத்தான் ‘வேப்பர் லாக்’ என்கிறார்கள்.

ஆயில் எப்போது கொதிக்கும்? நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் டாட் 3 அல்லது டாட் 4 வகை ஆயில் இருக்கும். டாட் என்பது இந்தத் தரத்தை வகுத்த அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் சுருக்கப் பெயர். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். டாட் 4 என்றால் 230. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில், அந்தத் தரம் கேட்கும் கொதிநிலையே முறையே 140, 155 டிகிரிதான். அரை லிட்டர் ஆயிலில் நான்கு தேக்கரண்டிகூட நிறையாத தண்ணீர் 65 முதல் 75 டிகிரி வரை பாதுகாப்பைப் பறித்துவிடுகிறது.

மூடியிருக்கும் அமைப்புக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது? ஆயில் டப்பாவின் மூடியில் காற்று போய்வர வழி இருக்கிறது. சக்கரத்துக்கு அருகே இருக்கும் ரப்பர் ஹோஸ்களின் சுவர் வழியாகவும் காற்றின் ஈரம் மெல்ல மெல்ல ஊடுருவும். கிளைக்கால் ஈதரை அடிப்படையாகக் கொண்ட இந்த ஆயில் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் புழுக்கமான காற்றில் இதற்குக் குறைவே இல்லை. கார் ஓடினாலும் நின்றாலும் இது நடக்கும். ‘வண்டி இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லையே’ என்ற கணக்கு இங்கே செல்லாது. ஆயிலுக்கு வயது ஏறுவது காலண்டரைப் பார்த்துத்தான்.

ஈரத்தை உறிஞ்சாத ஆயிலையே செய்யலாமே என்று தோன்றும். இருக்கிறது, டாட் 5 என்கிற சிலிக்கோன் வகை. அதில் தண்ணீர் கரையாது. உள்ளே புகுந்த ஈரம் துளியாகத் திரண்டு தாழ்வான இடத்தில் போய்த் தங்கும். அந்தத் தாழ்வான இடம் பெரும்பாலும் சக்கரத்தை ஒட்டிய காலிப்பர், அதாவது சூடு அதிகமாகும் இடம். அங்கே அந்தத் துளி 100 டிகிரியை ஒட்டியே கொதிக்கும், துருவும் பிடிக்கும். கிளைக்கால் ஆயில் தண்ணீரைத் தன்னுள் கரைத்துப் பரவலாக வைத்துக்கொள்வதால்தான் இரண்டு ஆண்டுகளாவது நம்பி ஓட்ட முடிகிறது. உறிஞ்சும் குணம் ஆயிலின் குறை அல்ல. உறிஞ்சிக் களைத்துப்போன ஆயிலை மாற்றாமல் விடுவதுதான் குறை.

இனி, சூடு. ஆட்களும் சாமானுமாக 1,200 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால், 30 டிகிரியில் இருக்கும் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவுக்கு ஆற்றல் வெளியாகிறது. கீழ் கியரில் வந்தால் அதில் ஒரு பகுதியை என்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் வந்தால் ஏறக்குறைய மொத்தச் சூடும் டிஸ்க், பேடு, காலிப்பர் தலையில்தான்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு கட்டம் இருக்கிறது. இறங்கி முடித்ததும் டீக்கடையில் வண்டியை நிறுத்துகிறோம். ஓடும்போது டிஸ்க்கைக் குளிர்வித்த காற்று இப்போது இல்லை. டிஸ்க்கிலும் பேடிலும் இருக்கும் சூடு காலிப்பருக்குள் இருக்கும் ஆயிலுக்கு இறங்குகிறது. ஓடும்போது கொதிக்காத ஆயில் நிற்கும்போது கொதிக்கலாம். டீ குடித்துவிட்டு வண்டியை எடுத்தால் முதல் மிதியிலேயே பெடல் உள்ளே போகும். ஒரு மணி நேரம் கழித்து மெக்கானிக் வந்து பார்த்தால் ஆவி குளிர்ந்து மறுபடி திரவமாகியிருக்கும், பெடல் கல்லுப்போல நிற்கும். ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்று அனுப்பிவைப்பார். கோளாறு அப்படியே உள்ளே இருக்கும்.

பேடு சூடேறிப் பிடிப்பை இழப்பது வேறு. அப்போது பெடல் கடினமாகவே இருக்கும், கார் மட்டும் நிற்காது. பெடல் மெத்தென்று அமுங்கினால் ஆயிலைச் சந்தேகிக்க வேண்டும். அந்த நேரத்தில் பெடலை வேகமாகத் திரும்பத் திரும்ப மிதித்தால் ஓரளவு அழுத்தம் கிடைக்கலாம். படிப்படியாகக் கீழ் கியருக்கு வாருங்கள். கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக் கேபிளில் இயங்குவதால் ஆயில் கொதித்தாலும் அது வேலை செய்யும். சட்டென்று இழுக்காமல் சிறிது சிறிதாக இழுங்கள்.

மலைப்பக்கமே போகாதவர்களுக்கும் இதில் நஷ்டம் உண்டு. பழைய ஆயிலில் துருவைத் தடுக்கும் சேர்மானம் தீர்ந்துபோகும். பிறகு மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர், ஏபிஎஸ் வால்வுகள் என்று அரிப்பு தொடங்கும். ஏபிஎஸ் யூனிட்டை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் பிரேக் ஆயில் மாற்றும் செலவு மிகச் சிறியது.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது; தெளிவாக இருக்கும் ஆயிலிலும் தண்ணீர் இருக்கும். பேனா வடிவ டெஸ்டர் ஓரளவு உதவும். அது டப்பாவில் இருக்கும் ஆயிலை மட்டுமே சோதிக்கிறது, சக்கரத்தருகே இருப்பதில் ஈரம் இன்னும் அதிகமாக இருக்கலாம். பல நிறுவனங்கள் சொல்லும் 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர், இரண்டில் எது முந்துகிறதோ அது என்ற கணக்கைப் பிடித்துக்கொள்வதே நல்லது. உங்கள் காரின் கையேடு வேறு கெடு சொன்னால் அதுதான் முடிவு.

மாற்றுவது என்றால் டப்பாவில் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுவது அல்ல. ஒவ்வொரு சக்கரத்திலும் பிளீடர் நிப்பிளைத் திறந்து, தெளிவான குழாய் மாட்டி, ஒருவர் மிதிக்க இன்னொருவர் திறந்து மூடி, கறுத்த ஆயில் போய்ப் புதியது குமிழியில்லாமல் வரும்வரை எடுக்க வேண்டும். இடையில் டப்பா காலியானால் காற்று புகுந்துவிடும். அளவு குறைந்திருந்தால் உடனே நிரப்பி மறந்துவிடவும் கூடாது: பேடு தேய்ந்திருக்கலாம், எங்காவது கசியலாம். மூடியில் எழுதியிருக்கும் வகையையே ஊற்றுங்கள். என்ஜின் ஆயில் போன்ற கனிம எண்ணெய் கலந்தால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெடும். திறந்து பல மாதங்களாக அலமாரியில் இருக்கும் பாட்டிலும் வேண்டாம். அது ஏற்கெனவே ஈரத்தைக் குடித்திருக்கும்.

அடுத்த முறை ஏற்காட்டுக்கோ வால்பாறைக்கோ கிளம்பும் முன் டயர் காற்றைப் பார்ப்பதோடு, பழைய சர்வீஸ் பில்லையும் எடுத்துப் பாருங்கள். அதில் பிரேக் ஆயில் மாற்றிய தேதி இல்லையென்றாலோ, இரண்டு ஆண்டைத் தாண்டியிருந்தாலோ, மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.