கடைக்குக் காப்புறுதி உண்டு, கடையில் நிற்பவருக்கு?

கடை தீப்பற்றினால் நஷ்டஈடு, லொறி மோதினால் நஷ்டஈடு. இவற்றுக்கெல்லாம் வருடா வருடம் தவறாமல் காப்புறுதி கட்டுகின்றோம். ஆனால் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாமும் எமது ஊழியர்களும் நோயில் விழுந்தால் என்ன வழி? இந்தக் கேள்வியை நான் என்னிடமே கேட்கத் தாமதித்துவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன்னர், எனது புடைவைக் கடையில் நீண்ட காலம் வேலை செய்த ஒரு நானாவுக்கு இருதய நோய் கண்டது. அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை இலவசம்தான். ஆனால் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். டொக்டரோ தாமதிக்க வேண்டாம் என்றார். அப்போது நானா கேட்டார்: "முதலாளி, ஈ.ரி.எப். மூலம் இருதய சத்திரசிகிச்சைக்கு உதவி கிடைக்குமாமே, எனது இலக்கம் என்ன?"

என்னிடம் பதில் இல்லை. நான் அவரைப் பதிவு செய்திருக்கவேயில்லை. சம்பளம் கையில், பெருநாளைக்கு மேலதிகமாக ஒரு தொகை. அதுவே போதுமென்று நினைத்திருந்தேன். செலவில் ஒரு பகுதியை நான் கொடுத்தேன், மீதியை ஊரார் சேர்த்தனர். அவர் குணமடைந்தார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகின்றது.

அதே வருடம் நானும் மருத்துவக் காப்புறுதிக்கு விண்ணப்பித்தேன். படிவத்தில் சீனி வருத்தம் உண்டு என்று உண்மையை எழுதினேன். ஒப்பந்தம் வந்தது. சீனி வருத்தத்தால் வரும் எதற்கும் பணம் இல்லை என்று அதில் இருந்தது. எனக்கு எது வருமென்று பயந்தேனோ, அதற்கு மட்டும் காப்பு இல்லை!

அமெரிக்காவிலும் இதே கதைதான். தனியாகக் காப்புறுதி எடுக்கப் போனவரை, முன்பே நோய் இருந்ததென்று நிறுவனங்கள் பெரும்பாலான மாநிலங்களில் நிராகரிக்க முடிந்தது. 2010 மார்ச்சில் ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட சட்டம், 2014 முதல் அதைத் தடை செய்தது. நோயாளி என்பதற்காகக் கூடுதல் கட்டணமும் அறவிட முடியாது. நோயாளிகள் மட்டும் சேர்ந்தால் நிதி தாங்காது என்பதால், சுகதேகிகளும் சேர வேண்டுமென விதித்து, சேராதோருக்குத் தண்டப் பணமும் வைத்தார்கள். அந்தத் தண்டம் 2019 முதல் பூச்சியமாக்கப்பட்டது. எனினும் நோயாளியை நிராகரிக்கக் கூடாது என்ற விதி நீடித்தது.

இதிலுள்ள கணக்கு வியாபாரிகளுக்குப் புதிதல்ல. பலர் சேர்ந்தால் ஒருவரின் பாரம் குறையும். தகாபுலின் அடிப்படையும் அதுவே.

எமது நாட்டில் இலவச வைத்தியம் பெரும் பாக்கியம். ஆனால் 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது பலர் வெளியில் வாங்க நேர்ந்ததை மறக்க முடியாது. அரச ஊழியருக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கின்றது. சிறு வியாபாரியும் அவரது ஊழியரும் தமக்குத் தாமேதான் வழி தேட வேண்டும்.

எனவே வியாபார சகோதரர்களுக்கு மூன்று விடயங்களைச் சொல்ல விரும்புகின்றேன்.

முதலாவது, ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் ஈ.பி.எப்., ஈ.ரி.எப். இரண்டும் கட்டாயம். 1980ஆம் ஆண்டின் சட்டப்படி ஈ.ரி.எப். பங்களிப்பு சம்பளத்தில் 3 சதவீதம். அதை முதலாளியே கொடுக்க வேண்டும், சம்பளத்தில் வெட்டக்கூடாது.

இரண்டாவது, தனித்தனியாகக் காப்புறுதி தேடுவதை விட, வர்த்தக சங்கமாகச் சேர்ந்து குழுக் காப்புறுதி பேசிப் பாருங்கள். ஐம்பது கடைகளின் ஊழியர்கள் ஒன்றாகப் போனால் பேரம் பேசும் பலம் வேறு. இளைஞர்களையும் சேருங்கள். முன்பே உள்ள நோய்களுக்குக் காப்பு உண்டா என்பதை முதலில் கேளுங்கள்.

மூன்றாவது, படிவத்தில் நோயை மறைக்காதீர்கள். மறைத்தால் பணம் கேட்கும் நாளில் நிராகரிப்பார்கள்.

இன்று எனது கடையில் ஒவ்வொருவருக்கும் இலக்கம் உண்டு. அதை எழுதிய அட்டையை அவரவர் கையிலேயே கொடுத்திருக்கின்றேன். முதல் அட்டையை அந்த நானாவுக்குத்தான் கொடுத்தேன்.