பாட்டி பெயரில் பட்டா, கூரைமேல் சூரிய மின்தகடு

2011-12இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றுக்கும் சூரிய ஆற்றலில் எரியும் ஐந்து விளக்குகள் வழங்கப்பட்டன. படுக்கையறை, கூடம், சமையலறை, கழிப்பறை, வராந்தா என இடத்துக்கு ஒன்று. ஆண்டுக்கு 60,000 வீடுகள் என்பது இலக்கு. அதில் 29 விழுக்காடு பட்டியல் சாதியினருக்கு. ஏட்டளவில், மின்சாரத்தை வீட்டிலேயே உருவாக்கிச் சேமிக்கும் வாய்ப்பு, நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தில் பலருக்கு முன்பாகவே நம் குடியிருப்புகளை எட்டிவிட்டது. ஆனால் மின்தகட்டின் ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகள். ஈய அமில பேட்டரியின் ஆயுளோ நான்கைந்து ஆண்டுகள்தாம். பேட்டரி செத்த பிறகு, இரவு விளக்குக்குத் தகடு பயன்படாது.

2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு அறிவித்த சூரிய வீடு திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீடுகள். ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். தகுந்த கூரையுள்ள சொந்த வீடும் மின் இணைப்பும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ‘சொந்த வீடு’ என்ற இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

1978ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் ஆதிதிராவிடர் நலனுக்காக எடுக்கப்பட்ட நிலங்களில் வழங்கப்பட்ட மனைப் பட்டாக்கள், பல இடங்களில் இன்றும் பாட்டியின் பெயரிலேயே உள்ளன. அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி கணவர், மகன்கள், மகள்கள், முன்பே இறந்துபோன பிள்ளைகளின் பிள்ளைகள் என அனைவரும் பங்குதாரர்கள். (கிறித்தவத் தலித் குடும்பங்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும்.) மூன்றாம் தலைமுறையில் ஒரே கூரைக்குப் பத்துப் பேர் வரை கையெழுத்திட வேண்டியிருக்கலாம். வாரிசுச் சான்றும் பட்டா மாறுதலும் முடியும்வரை அங்கே குடியிருக்கும் பேரன் ‘உரிமையாளர்’ என்று காட்ட ஆவணம் இல்லை.

ஆனால் மின்சாரச் சட்டம் வேறு அளவுகோலைக் கொண்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரிமையாளர் கேட்டாலும் குடியிருப்பவர் கேட்டாலும் இணைப்பு வழங்கக் கடமைப்படுத்துகிறது. விண்ணப்பதாரர் அந்த இடத்தில் குடியிருக்கிறாரா என்பதைப் பார்த்தாலே போதும் என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் கூறியது. ‘நுகர்வோர்’ ஆவதற்கு வீட்டு உரிமை நிபந்தனையல்ல. மின் நுகர்வோர் உரிமை விதிகள், 2020இன் 11ஆம் விதி, கூரைமேல் சூரிய மின் அமைப்பை நிறுவும் உரிமையை அந்த நுகர்வோருக்கே தருகிறது. எனவே மின்சாரம் வாங்கக் குடியிருப்பே போதும், உருவாக்க மட்டும் பட்டா வேண்டும் என்பது விதியின் நோக்கத்துக்கு முரணானது என்பதே நம் வாதம். மானியம் தனித் திட்டம். அதன் நிபந்தனையைக் காட்டி, மானியம் கோராதவரின் நிறுவும் உரிமையை மறுக்க இயலாது.

சேமிப்பைப் பற்றியும் தெளிவு வேண்டும். தமிழ்நாட்டில் இரு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம். அதற்குள் முடித்துக்கொள்ளும் குடும்பத்துக்குத் தகடு பொருத்துவதால் கட்டணம் மிச்சமாகாது. அவர்களிடம் இத்திட்டத்தைப் பரப்புவோர் இதைச் சொல்வதில்லை. மின்தடையின்போதாவது உதவுமா? கம்பத்தில் பணிபுரிபவரின் பாதுகாப்புக்காக, பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பின் இன்வெர்ட்டர், வெளியே மின்சாரம் நின்றதும் தானே நின்றுவிடும். நண்பகல் வெயிலிலும் மின்விசிறி சுழலாது. பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் இருந்தால்தான் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு வெளிச்சம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி பத்தாண்டுக்கு மேல் உழைக்கும். ஆனால் ஒன்றிய மானியக் கணக்கில் பேட்டரி விலை சேராது. தாட்கோ போன்ற அமைப்புகளின் கடனுதவியில் பேட்டரியையும், அதை மாற்றும் செலவையும் சேர்க்கக் கோருவது இதனால்தான் அவசியம்.

விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். 42(5) பிரிவின்கீழ் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தையும், அங்கே தீராவிட்டால் 42(6)இன்கீழ் குறைதீர்ப்பாளரையும் அணுகலாம். இதற்கிடையே வாரிசுகள் அனைவரும் ஓர் ஒப்புதல் கடிதம் எழுதிக்கொள்வது நல்லது: தகடு யாருடையது, பேட்டரி மாற்றும் பணம் யார் தருவது, வீட்டைப் பிரித்தாலோ இடித்துக் கட்டினாலோ என்ன செய்வது. திருமணமாகி வெளியூர் சென்ற மகள்களின் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும்.