நம்பிக்கையும் நம்பகமும்



மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு ஒரு தாயார் சென்ற மாதம் அலுவலகத்துக்கு வந்தார். கட்டண விவரமும் வருமானச் சான்றும் கொண்டு வரச் சொன்னோம். அவர் முகம் வாடிவிட்டது. "இருபது வருஷமா இதே படப்பையிலதான் இருக்கோம் பாய். எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார். அன்று நாங்கள் சொன்ன பதில் அரைகுறையானது. மற்ற குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் அதை இங்கே முழுதாக எழுதுகிறோம்.

நம்பிக்கை வேறு, நம்பகத்தன்மை வேறு. நம்பிக்கை என்பது நம்புகிறவர் மனதில் இருப்பது. நம்பகத்தன்மை என்பது நம்பப்படுபவரிடமோ அவர் சொல்லும் செய்தியிலோ இருப்பது. அதைச் சோதித்துப் பார்க்க முடியும். நீதிமன்றத்தில் சாட்சியை எடைபோடுவதும், பத்திரிகைகள் செய்தியை உறுதி செய்துகொள்வதும் இந்த இரண்டாவதைத்தான். வங்கிகள் அதை ஓர் எண்ணாகவே ஆக்கிவிட்டன. சிபில் மதிப்பெண் 300-க்கும் 900-க்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று பார்த்துத்தான் இன்று கடன் கிடைக்கிறது.

நம் பெரியவர்கள் இதற்கு 'நாணயம்' என்றார்கள். காசுக்கும் அதே சொல்தான். அந்தக் காலக் கடைக்காரர் வெள்ளி ரூபாயைக் கல்லில் சுண்டி, ஓசை கேட்டுத்தான் பெட்டியில் போடுவார். சுண்டிப் பார்த்ததற்காக வாடிக்கையாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அரபியிலிருந்து வந்த சொற்களின் கதை இன்னும் சுவையானது. நபி (ஸல்) அவர்களை நபித்துவத்துக்கு முன்பே மக்கத்து மக்கள் 'அல் அமீன்', அதாவது நம்பிக்கைக்குரியவர், என்று அழைத்தார்கள். அதே சொல் கோர்ட் ஊழியர் பதவிக்குப் பெயராகி, தமிழில் 'அமீனா' ஆனது. ஜப்தி செய்ய வருபவர் என்பதால் அந்தப் பெயரைக் கேட்டாலே பயம். நம் பிள்ளைகள் தெருவில் சாதாரணமாகத் திட்டும் 'பேமானி' என்பதும் 'ஈமான் இல்லாதவன்' என்ற பொருளுடைய உருதுச் சொல்லிலிருந்து வந்ததுதான். பொருள் தெரிந்தால் அவ்வளவு சுலபமாக வாயில் வராது.

பேச்சு வழக்கில் நம்ப முடியாததற்குப் பெயர்கள் ஏராளம்: டுபாக்கூர், பீலா, ரீல், போர் ட்வென்டி. இந்தக் கடைசிப் பெயர் 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவிலிருந்து வந்தது. 1.7.2024 முதல் மோசடிக்கு புதிய சட்டத்தில் 318-வது பிரிவு. தெருவில் மட்டும் 420 மாறவில்லை. நம்பத் தகுந்தவனுக்கோ இளைஞர்களிடம் தனிச் சொல் இல்லை, 'கெத்து' என்கிறார்கள். வண்டி, போன், உடை, நாலு பேர் கூட நிற்பது எல்லாம் கெத்துதான். ஆனால் கெத்தை யாரும் சுண்டிப் பார்ப்பதில்லை.

பெரியவர்களான நாம் வேறொரு சொல்லில் ஏமாறுகிறோம்: 'நம்ம ஆளு'. பெங்களூரு ஐ.எம்.ஏ. விவகாரம் நினைவிருக்கும். வட்டி இல்லை, ஹலாலான லாபம் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். நகையை விற்றுப் போட்டவர்களும் உண்டு, மகள் திருமணத்துக்குச் சேர்த்ததைப் போட்டவர்களும் உண்டு. 2019 ஜூனில் நிறுவனர் வெளிநாடு போய்விட்டார் என்று தெரிந்ததும் சிவாஜிநகர் அலுவலகத்தின் முன் கூட்டம் திரண்டது. புகார்கள் 40,000-ஐத் தாண்டின. ஜூலையில் டெல்லி விமான நிலையத்தில் அவர் கைதானார். பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் நம் சமுதாயத்தவர். தாடியையும் தொப்பியையும் தர்ம காரியங்களையும் பார்த்தார்கள். கணக்கைக் கேட்கத் தோன்றவில்லை.

இந்த விஷயத்தில் நம் முன்னோர் மிகவும் கறாரானவர்கள். ஹதீஸ் அறிவிப்பாளரை ஏற்க இமாம்கள் இரண்டு தகுதிகளைப் பார்த்தார்கள். ஒன்று 'அதாலத்', நேர்மை. மற்றது 'ளப்த்', கேட்டதைப் பிசகாமல் காத்துச் சொல்லும் துல்லியம். முதலாவது மட்டும் இருந்தால் போதாது. தொழுகையாளியாக, நல்லவராக இருந்தும் நினைவாற்றல் பலவீனத்தால் 'ளயீஃப்' என்று எழுதப்பட்டவர்கள் பலர். எகிப்தின் காழியாக இருந்த இப்னு லஹீஆ (மறைவு ஹிஜ்ரி 174) பெரிய அறிஞர். அவருடைய நூல்கள் தீயில் எரிந்துபோனதாகச் சொல்வார்கள். அதன்பின் அவர் நினைவிலிருந்து சொன்னவற்றில் குழப்பம் வந்தது என்பதால், அவரிடம் யார் முன்பு கேட்டார், யார் பின்பு கேட்டார் என்று பிரித்துப் பார்த்தார்கள். அவரைப் பொய்யர் என்று சொல்வதற்காக அப்படிப் பிரிக்கவில்லை.

குர்ஆனின் மிக நீளமான வசனம் (2:282) கடனை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளச் சொல்லும் வசனம். அது விளித்துப் பேசுவது ஈமான் கொண்டவர்களிடம். எழுதிக் கேட்பது அவமதிப்பு என்றால் அந்தக் கட்டளை நமக்கு வந்திருக்காது.

எங்கள் தவறு ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், தெரிந்த ஒருவர் போனில் சொன்னார் என்பதற்காக மருத்துவச் செலவுக்கு உடனே பணம் கொடுத்தோம். அதே நோயாளியின் பெயரில், அதே பில்லைக் காட்டி, வேறு இரண்டு ஜமாஅத்துகளிலும் வாங்கியிருந்தது பிறகு தெரிந்தது. போனில் சொன்னவர் பொய்யர் அல்ல. அவரும் கேட்டதைச் சொன்னவர்தான். அந்த மாதம் டயாலிசிஸுக்கு உதவி கேட்டிருந்த ஒரு பெரியவருக்குப் பாதித் தொகைதான் கொடுக்க முடிந்தது. அது இன்றும் எங்கள் மனதை உறுத்துகிறது.

அதனால்தான் கல்விக் கட்டணத்தை இப்போது கல்லூரியின் பெயருக்கே காசோலையாகத் தருகிறோம். மருத்துவ உதவிக்கு அசல் பில் கேட்கிறோம். டிரஸ்டியின் சொந்தக்காரராக இருந்தாலும் இதே முறைதான்.

வீட்டுப் பணத்துக்கும் இப்படிக் கேட்டுப் பழகுங்கள். சீட்டு என்றால் 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்ததா என்று கேளுங்கள். முதலீடு என்றால் அனுமதி எண்ணை வாங்கி, ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்தில் பாருங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசில் புகார் கொடுக்கலாம்.

அந்தத் தாயார் மறு வாரமே தாள்களோடு வந்தார். காசோலை எழுதிக் கொடுத்தோம். கிளம்பும்போது, "உங்க கணக்கை நாங்க பாக்கலாமா பாய்?" என்று கேட்டார். தாராளமாகப் பார்க்கலாம். இந்தக் காலாண்டின் வரவு செலவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. சந்தா கொடுத்தவர்கள் தங்கள் ரசீதைக் கொண்டு வந்து, ஜும்ஆவுக்குப் பிறகு பதிவேட்டோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம்.